ஆறரைக் கோடியில் ஒரு அடி

சல்லடை யாரையும் மன்னித்ததாகச் சரித்திரமே கிடையாது. பக்கத்து வீட்டுத் தையல்காரி ஒரு நாள் காலை தண்ணீர்க் குழாயடியில் இவளுடைய வாளியைக் காலால் தள்ளிவிட்டுத் தன் குடத்தை வைத்தாள். பதினோரு வருடம் ஆயிற்று. இன்றைக்கும் அந்தத் தையல்காரி வாசலில் நின்றால் சல்லடை எதிர்ப்பக்கம் மாறித்தான் நடப்பாள். கிழிந்த துணியைத் தைக்க அரை மணி நேரம் நடந்து வேறொரு கடைக்குப் போவாள். "உனக்குத்தானே கால் வலி?" என்று கேட்டால், "அவளுக்கு ஒரு வேலை குறையுதில்ல?" என்பாள். ஒரு வாளிக்கே இந்தப் பாடு என்றால் தம்பியின் கைக்கு என்ன பாடு என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

டப்பாக்களுக்குத் தகர மூடி செய்யும் தொழிற்சாலையில் அவளுக்கு வேலை. சுவருக்கு அந்தப் பக்கம் பிரஸ் இருந்தது. தகட்டை உள்ளே வைத்துப் பெடலை மிதித்தால் மேலேயிருந்து இரும்புத் தலை இறங்கி ஓர் அடி அடிக்கும், தகடு மூடியாகிவிடும். எத்தனை முறை மிதித்தது என்று ஒரு மீட்டர் காட்டும், தினமும் காலையில் அதைப் பூஜ்யத்தில் வைத்துத்தான் தொடங்குவார்கள். மூடிகள் சுவரில் இருந்த ஓட்டை வழியாகச் சறுக்கிக்கொண்டு இந்தப் பக்கத்து மேசைக்கு வரும். நெளிந்தது, கீறல் விழுந்தது, விளிம்பு மடங்காதது எதுவும் அவள் விரலுக்குத் தப்பாது. மேசையில் இருந்த பெண்கள் அவளுக்குச் சல்லடை என்று பெயர் வைத்தது அதனால்தான். நல்லதோ கெட்டதோ, நாற்பது மூடி வந்தால் பலகையில் சுண்ணாம்பால் ஒரு புள்ளி வைக்க வேண்டும். ஒரு நாள் பங்கு நூற்றிருபத்தாறு புள்ளி, அதாவது ஐயாயிரத்து நாற்பது மூடி. அது முடியாமல் யாரும் வீட்டுக்குப் போக முடியாது.

எண்ணைக் கண்டால் அவளுக்குக் கை சும்மா இருக்காது. பள்ளிக்கூடத்தில் பத்தாவதோடு நின்றவள்தான், ஆனால் எந்த எண் கண்ணில் பட்டாலும் அதை வகுத்து உடைத்துப் பார்த்துவிட்டுத்தான் விடுவாள். பேருந்துச் சீட்டு, கதவிலக்கம், மருந்துச் சீட்டு, எதுவும் தப்பாது. குடியிருந்த வீட்டின் இலக்கம் தொண்ணூற்றொன்று. "எதுலயும் வகுபடாத மாதிரி நடிக்குது பாரு, ஏழுலயும் பதிமூணுலயும் போகுது" என்று குடிவந்த அன்றே அதன் குட்டை உடைத்துவிட்டாள். தம்பி விழுந்து விழுந்து சிரித்தான்.

தம்பி அவளைவிட ஒன்பது வயது சின்னவன். அம்மா போனபோது அவனுக்கு எட்டு வயது. அவனைக் குளிப்பாட்டியதும் திட்டியதும் காய்ச்சலில் கூட உட்கார்ந்திருந்ததும் எல்லாம் இவள்தான். பெண் கேட்டு வந்தவர்களையெல்லாம் 'அவன் ஒரு ஆளாகட்டும்' என்று திருப்பி அனுப்பிவிட்டாள். ஆளானதும் தன் தொழிற்சாலையிலேயே கிடங்கில் வேலை வாங்கிக் கொடுத்தாள். சில வருடம் கழித்து ஒரு புதன்கிழமை அவனைக் கிடங்கிலிருந்து பிரஸ்ஸுக்கு மாற்றினார்கள். அதுவரை தகட்டை இடுக்கியால் வைத்து இடுக்கியால் எடுப்பதுதான் வழக்கம். இடுக்கி நேரத்தைத் தின்கிறது என்று அன்றைக்குத்தான் என்ஜினியர் அதை நிறுத்தினார். கையால் வை, கையால் எடு என்பது புது உத்தரவு.

அந்த முதல் நாள் காலையே. தம்பி பெடலை மிதித்தான், தலை இறங்கி ஏறியது, மூடியை எடுக்கக் கையை உள்ளே விட்டான். தலை தானாக இன்னொரு முறை இறங்கியது. வலது கையில் கட்டை விரல் மட்டும் மிஞ்சியது. சுவருக்கு இந்தப் பக்கம் ஐம்பத்தைந்து புள்ளி வைத்துவிட்டு அடுத்ததற்காக எண்ணிக்கொண்டிருந்த சல்லடைக்கு அந்த அலறல் கேட்டது. குரல் யாருடையது என்று அவளுக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அவனை வண்டியில் ஏற்றி அனுப்பிவிட்டு, பிரஸ்ஸைக் கழுவி, மாலைக்குள் மிச்சப் பங்கையும் அடித்து முடித்தார்கள். அதற்கு முன்பே இடுக்கி சத்தமில்லாமல் திரும்பி வந்திருந்தது.

அந்த என்ஜினியருக்கு மேசைப் பெண்கள் வைத்த பெயர் இஸ்திரி. மழையிலும் வெயிலிலும் சட்டையில் ஒரு சுருக்கம் இருக்காது. விபத்தைப் பற்றி அறிக்கை எழுதியது அவர்தான். அதன் நகல் வீட்டுக்கு வந்தது.

"மீட்டர் 2218ஆவது அடியைக் காட்டியபோது விபத்து நிகழ்ந்துள்ளது. பெடலை மிதிக்காமல் தலை இறங்காதபடி பூட்டு ஒன்று உள்ளது. பூட்டின் நான்கு பற்சக்கரங்களிலும் ஒவ்வொரு பல் தேய்ந்துள்ளது உண்மையே. ஒவ்வொரு மிதிக்கும் நான்கு சக்கரங்களும் ஒரு பல் நகரும். தேய்ந்த நான்கு பற்களும் ஒரே சமயத்தில் பூட்டுக்கு நேரே வந்தால் மட்டுமே பூட்டு நழுவும். சக்கரங்களின் பற்கள் முறையே 72, 84, 90, 120. இவற்றைப் பெருக்கினால் 6,53,18,400. அதாவது இத்தனை அடிகளுக்கு ஒரு முறை, சுமார் நாற்பத்து மூன்று ஆண்டுகளுக்கு ஒரு முறை மட்டுமே இது நிகழக்கூடும். எனவே தொழிலாளி கவனக்குறைவாகப் பெடலை இரண்டாம் முறை மிதித்ததே காரணம்."

தம்பியின் வேலை அட்டையில் சிவப்பு மையில் 'கவனக்குறைவு' என்று எழுதி அவனை வேலையிலிருந்து அனுப்பிவிட்டார்கள். அந்த ஒரு வார்த்தை இருக்கிற அட்டையைப் பார்த்தால் எந்தத் தொழிற்சாலையும் அவனை வாசலில் காவலுக்குக்கூட வைக்காது. அவன் போய்க் கேட்ட நான்கு இடங்களிலும் அட்டையைப் புரட்டிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்கள். மேல்முறையீடு செய்யத் தொண்ணூறு நாள் இருந்தது. அதற்குள் அந்த வார்த்தையை அழித்தாக வேண்டும்.

காலையில் அவனுக்குச் சட்டைப் பொத்தான் போட்டுவிடும்போது அவன் சுவரைப் பார்ப்பான். "நான் மிதிக்கலக்கா" என்பான். தினமும் சொன்னான். "தெரியும்டா" என்று இவளும் தினமும் சொன்னாள். பல்லைக் கடித்துக்கொண்டு வேலைக்குப் போவாள். தொழிற்சாலை முற்றத்தில் இஸ்திரி எதிரே வந்தால் அவர் முகத்தைப் பார்க்க மாட்டாள். அவருடைய வலது கையைப் பார்ப்பாள்.

ஒரு விடுமுறை நாள் காலை அறிக்கையை அடுப்படியில் விரித்து வைத்துக்கொண்டு பென்சிலை எடுத்தாள். தம்பி பக்கத்தில் உட்கார்ந்து இடது கையால் வெங்காயம் உரிக்கப் பழகிக்கொண்டிருந்தான். அந்த எண்ணுக்கு அவள் ஏற்கெனவே ஆறரைக் கோடியார் என்று பெயர் வைத்திருந்தாள். வீட்டுக்குள் அழையாமல் வந்து நடுக்கூடத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்ட ஒரு பெரிய மனிதரைப் போல அதைத் தினமும் திட்டுவாள். அன்று திட்டவில்லை. வகுத்தாள்.

இரண்டால் வகுத்தாள், போனது. மறுபடி போனது. ஒன்பது முறை போனது. பிறகு மூன்று, ஆறு முறை. ஐந்து, இரண்டு முறை. கடைசியில் ஏழு மிஞ்சியது, அது ஒரே ஒரு முறை. அவ்வளவுதான். பதினொன்று இல்லை, பதிமூன்று இல்லை, பெரிய பகா எண் என்று சொல்லிக்கொள்ள ஒன்றுகூட இல்லை.

"பாருடா, எட்டு இலக்கத்துக்கு இந்த ஆட்டம் ஆடுறாரு ஆறரைக் கோடியாரு. உள்ள பார்த்தா எல்லாம் பொடிசு. ரெண்டு, மூணு, அஞ்சு, ஏழு. எண்ணிப் பார்த்தேன், நானூத்தி இருபது எண்ணால மீதியில்லாம வகுபடுறாரு. எவன் தட்டினாலும் கதவைத் திறக்கிற ஆளு."

"பெருக்குனது தப்பாக்கா?"

"பெருக்குனது சரி. ஆனா..." என்று நிறுத்தினாள். அவளுக்கும் எங்கே உதைக்கிறது என்று அப்போது தெரியவில்லை. இத்தனை பெரிய எண்ணுக்குள் ஒரே இரண்டும் ஒரே மூன்றும் ஏன் இத்தனை முறை வர வேண்டும் என்பதுதான் உறுத்தியது.

பெரிய சக்கரம் வேண்டாம், சின்னதில் பார்க்கலாம் என்று அட்டையில் இரண்டு வட்டம் வெட்டினாள். ஒன்றின் விளிம்பில் நான்கு பல், இன்னொன்றில் ஆறு. ஒவ்வொன்றிலும் ஒரு பல்லுக்கு மை தடவி, இரண்டு மையும் நேருக்கு நேர் வரும்படி தரையில் வைத்தாள்.

"ஒவ்வொரு பல்லா ரெண்டையும் சேர்த்து நகத்து. மை ரெண்டும் மறுபடி எப்ப சேருதுன்னு சொல்லு."

தம்பி வெங்காயக் கையைத் துடைத்துக்கொண்டு நகர்த்தினான். வாய்க்குள் எண்ணினான். "பன்னெண்டு."

"நாலாறு?"

"இருபத்துநாலு." அவன் நிமிர்ந்தான். "ஆனா பன்னெண்டுலயே சேந்துடுச்சே!"

"நாலுக்குள்ளயும் ஒரு ரெண்டு இருக்கு, ஆறுக்குள்ளயும் ஒரு ரெண்டு இருக்கு. ரெண்டு பேருக்கும் பொதுவா இருக்கிறதை அந்த ஆளு ரெண்டு தடவை பெருக்கியிருக்கான்டா."

பற்களுக்குள் பொது எண்ணே இல்லாத சக்கரங்களாக இருந்திருந்தால் இஸ்திரி பெருக்கியது சரியாகவே இருந்திருக்கும். ஆனால் எழுபத்திரண்டும் எண்பத்துநாலும் தொண்ணூறும் நூற்றிருபதும் ஒன்றுக்குள் ஒன்று சொந்தம். இருக்கிற நாலில் யாரிடம் அதிக இரண்டு, யாரிடம் அதிக மூன்று என்று பார்த்து அதை மட்டும் எடுத்தாள். இரண்டு மூன்று முறை, மூன்று இரண்டு முறை, ஐந்து ஒரு முறை, ஏழு ஒரு முறை. எட்டை ஒன்பதால் பெருக்கி, ஐந்தால் பெருக்கி, ஏழால் பெருக்கினாள். இரண்டாயிரத்து ஐநூற்றிருபது. ஒன்றிலிருந்து பத்து வரை எந்த எண்ணாலும் மீதியில்லாமல் வகுபடும் எண்களிலேயே சின்னது அதுதான். ஆறரைக் கோடியாரின் வயிற்றுக்குள் அப்படி இருபத்தையாயிரத்துத் தொள்ளாயிரத்திருபது இருந்தன.

அதாவது தேய்ந்த நாலு பற்கள் ஒன்று சேரவே சேராது, அல்லது ஒரு முறை சேர்ந்துவிட்டால் அதன் பிறகு இரண்டாயிரத்து ஐநூற்றிருபது அடிக்கு ஒரு முறை சேர்ந்தே தீரும். நாற்பத்து மூன்று வருடத்துக்கு ஒரு முறை என்று ஒன்று கிடையவே கிடையாது.

"ஒரு நாளைக்கு ரெண்டு தடவைக்கா!" தம்பி எழுந்தே நின்றுவிட்டான். "நாளைக்கே எழுதிக் குடுத்துடலாம்."

 சல்லடை அதற்குள் பழக்க தோஷத்தில் அந்த எண்ணை நாற்பதால் வகுத்திருந்தாள். அறுபத்து மூன்று. அறுபத்து மூன்று புள்ளி.

மேசைப் பெண்களுக்குள் ஒரு வழக்கம் இருந்தது. தினமும் காலையில் ஐம்பத்தாறாவது புள்ளிக்கான மூடிகளில் ஒன்று இரட்டை வளையத்தோடு வரும், இரண்டு அடி வாங்கிய மூடி. அதற்கு விக்கல் என்று பெயர். "விக்கல் வந்தாச்சு, சாப்பாட்டு மணி அடிக்கப் போகுது" என்று ஒருத்தி தண்ணீர் சுட வைக்க எழுந்து போவாள். பிற்பகலில் நூற்றுப் பத்தொன்பதாவது புள்ளியில் இன்னொரு விக்கல் வரும். செருப்பைத் தேட ஆரம்பிப்பார்கள். ஐம்பத்தாறுக்கும் நூற்றுப் பத்தொன்பதுக்கும் நடுவே அறுபத்து மூன்று. தம்பி அலறியபோது அவள் எண்ணிக்கொண்டிருந்ததும் ஐம்பத்தாறாவது புள்ளிக்குத்தான். நாள் பங்கு சரியாக அதைப் போல இரண்டு மடங்கு என்பதால் விக்கல் எந்த நாளும் நேரம் தவறியதில்லை. நாலு வருடமாக அதைப் பார்த்து மணி சொல்லிக்கொண்டிருந்தார்கள். நாலு வருடமாக அதை எடுத்துத் தொட்டியில் எறிந்த கை சல்லடையின் கை. ஏன் இரண்டு அடி என்று ஒரு நாள் சுவருக்கு அந்தப் பக்கம் போய்க் கேட்டிருந்தால் தம்பி இப்போது இரண்டு கையாலும் வெங்காயம் உரித்துக்கொண்டிருப்பான்.

அன்று அவள் சாப்பிடவில்லை. தன் மேல் வந்த வெறுப்பை என்ன செய்வது என்று தெரியாமல் அதையும் சேர்த்து இஸ்திரியின் தலையில் வைத்தாள். நியாயமா என்று கேட்காதீர்கள். வயிறு எரிகிறவளிடம் நியாயத்தை அளந்து வைக்கச் சொல்ல என்னால் ஆகாது.

எழுதிக் கொடுத்தால் என்ன நடக்கும் என்று அவளுக்குத் தெரியும். 'பெருக்கும்போது கவனப் பிழை ஏற்பட்டுவிட்டது' என்று இஸ்திரி ஒரு வரி எழுதுவார். தம்பி செய்தால் கவனக்குறைவு, அவர் செய்தால் கவனப் பிழை. மறுநாள் சுருக்கமில்லாத சட்டையோடு வேலைக்கு வருவார். அது அவளுக்குப் போதாது. அந்தக் கை அந்தத் தலைக்கு அடியில் போக வேண்டும். இதை அவள் தம்பியிடம் சொல்லவில்லை. மேல்முறையீட்டில் கணக்கையும் எழுதவில்லை. 'ஆய்வாளர் முன்னிலையில் பிரஸ்ஸை ஓட்டிக் காட்ட வேண்டும்' என்று ஒரே ஒரு வேண்டுகோள். பக்கத்தில் தம்பி இடது கையால் கோணல்மாணலாகக் கையெழுத்துப் போட்டான்.

எண்பத்தோராவது நாள் காலை பத்தரை மணிக்கு ஆய்வாளர் வந்தார். ஐம்பது வயது மதிக்கத்தக்க அம்மா, கண்ணாடியைத் தலைமேல் ஏற்றி வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் அவரே எழுதிக்கொள்கிற ஆள். பிரஸ் அறையில் இயந்திரக்காரர் ஒருவர் இடுக்கியோடு அடித்துக்கொண்டிருந்தார். மீட்டர் ஆயிரத்து எண்ணூற்றைத் தாண்டியிருந்தது. சல்லடை பேச்சை இழுத்தாள். பிரஸ் எப்போது வாங்கியது என்று கேட்டாள், எண்ணெய் யார் விடுவது என்று கேட்டாள், கேட்டதையே திருப்பிக் கேட்டாள். இஸ்திரி பொறுமையாகப் பதில் சொன்னார். படிக்காதவளிடம் பேசும்போது சில பேருக்குக் குரலில் ஒரு சர்க்கரை சேரும், அதோடு சொன்னார்.

மீட்டர் இரண்டாயிரத்து நூற்றைம்பதைத் தொட்டபோது அவள் ஆய்வாளரிடம் திரும்பினாள்.

"அம்மா, என் தம்பிக்கு அன்னிக்கு இடுக்கி குடுக்கல. அவன் செஞ்ச மாதிரியே கையால வச்சு, கையால எடுத்து, சார் கொஞ்ச நேரம் ஓட்டிக் காட்டட்டும். எவ்வளவு கவனமா ஓட்டணும்னு நாங்களும் பாக்குறோம்."

ஆய்வாளர் இஸ்திரியைப் பார்த்தார். "உங்களுக்கு ஆட்சேபனை இருக்கா?"

"எனக்கென்ன மேடம்? நாற்பத்து மூணு வருஷத்துக்கு ஒரு தடவை. இன்னிக்கே வந்துடுமா?" சிரித்துக்கொண்டே சட்டைக் கையை இரண்டு மடிப்பு மடித்துவிட்டுக்கொண்டு முக்காலியில் உட்கார்ந்தார். மீட்டர் 2160.

வைத்தார், மிதித்தார், கையை விட்டு எடுத்தார். வைத்தார், மிதித்தார், எடுத்தார். நன்றாகவே ஓட்டினார். அடிக்கொரு தரம் மீட்டரைப் பார்த்துக்கொண்டார். வேகத்தைக் காட்டிப் பெருமை அடித்துக்கொள்கிறான் என்று சல்லடை நினைத்தாள். 2190. 2200.  அவள் மீட்டரைப் பார்க்கவில்லை, மனசுக்குள் எண்ணிக்கொண்டிருந்தாள். கண் அந்தக் கையிலேயே இருந்தது.

தம்பி அக்காவின் முகத்தைப் பார்த்தான். குச்சி வைத்துக் காட்டுவாள் என்று நினைத்துக்கொண்டு வந்தவன் அவன். இப்போது புரிந்துவிட்டது.

"அக்கா, வேணாம்" என்றான் மெதுவாக.

"சும்மா இருடா."

"அக்கா..."

அவனுடைய வலது மணிக்கட்டைப் பிடித்து இறுக்கினாள். அவன் வாயை மூடிக்கொண்டான். 2215. 2216. 2217, இஸ்திரியின் கை உள்ளே போய் மூடியோடு வெளியே வந்தது. தகடு வைத்தார். மிதித்தார். தலை இறங்கி ஏறியது. 2218.

கை உள்ளே போகவில்லை.

முக்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டார். ஒரு மூச்சு விடுகிற நேரம்தான். யாரும் மிதிக்காமல் தலை தடாலென்று இறங்கி, உள்ளே இருந்த மூடியை இரண்டாம் முறை அடித்துவிட்டு ஏறியது.

 இயந்திரக்காரர் ஓடிப்போய்ச் சுவிட்சை அணைத்தார். ஆய்வாளர் கண்ணாடியைத் தலையிலிருந்து இறக்கி மூக்கில் போட்டுக்கொண்டார்.

"ஐம்பத்தேழு தடவை மிதிச்சதும் கையை விட்டீங்க. இந்த ஒரு தடவை மட்டும் ஏன் விடல?"

இஸ்திரி மீட்டரைப் பார்த்தார், பிறகு தரையைப் பார்த்தார்.  "சும்மா... கை வலிச்சுது மேடம்."

அப்போதுதான் சல்லடைக்கு உறைத்தது. தெரியாமல் பெருக்கியவர் இல்லை. நாலு சக்கரமும் எப்போது சேரும் என்று அடி பிசகாமல் தெரிந்துகொண்டு, அதைத் தெரியாதவர்களின் கண்ணில் மண்ணைத் தூவ அவ்வளவு பெரிய எண்ணை எழுதினவர். அவள் உடைத்தாளே அதே கணக்கை அவரும் உடைத்திருக்கிறார், ஒருவேளை அவளுக்கு முன்பே. அடிவயிற்றிலிருந்து ஒரு சிரிப்பு வந்தது. நல்ல சிரிப்பு இல்லை.

ஆய்வாளர் எழுத ஆரம்பித்தார். வெகு நேரம் எழுதினார். தம்பியின் வேலை அட்டையை வாங்கி, சிவப்பு வார்த்தையின் மேல் இரண்டு கோடு போட்டு, பக்கத்தில் தன் முத்திரையை வைத்தார். தம்பி அந்த அட்டையை இடது கையில் வாங்கி முகத்துக்குக் கிட்டே வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தான். பிறகு ஆய்வாளர் சல்லடையின் பக்கம் திரும்பினார்.

"ரெண்டாயிரத்து இருநூத்திப் பதினெட்டுல விழும்னு உங்களுக்கும் தெரியும், இல்லையா?"

"தெரியும்மா."

"தெரிஞ்சேதான் அவரை உக்கார வச்சீங்களா?"

"ஆமா."

"அவர் கை உள்ள இருந்திருந்தா?"

"இருக்கணும்னுதான் வந்தேன்."

தம்பி "அக்கா!" என்றான். ஆய்வாளர் பேனாவை நிறுத்தி அவளை ஒரு நிமிடம் பார்த்தார். மாற்றிச் சொல்ல அவகாசம் கொடுத்தார் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. சல்லடை மாற்றிச் சொல்லவில்லை. ஆய்வாளர் அதையும் எழுதினார். எழுதிய தாளை அவள் பக்கம் திருப்பி வைத்தார். சல்லடை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை நிதானமாகப் படித்துப் பார்த்தாள். ஓர் எழுத்துகூடத் திருத்தச் சொல்லாமல் கீழே கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாள்.